லைனைக் கையில் எடுத்த முதல் மூன்று மாதம்: புது சூப்பர்வைசருக்கு ஒரு வழிகாட்டி

நேற்று வரை பேட்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவர் இன்று புரொடக்‌ஷன் நோட்டோடு, தையல் மிஷின்கள் வரிசையாக ஓடும் லைனுக்கு நடுவில் நிற்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசர் ஆனவர்கள் பலருடைய கதை இதுதான். நன்றாகத் தைக்கிறார், கணக்குத் தெரிகிறது, அடிக்கடி லீவு போடுவதில்லை. சரி, மேலே ஏற்றிவிடலாம் என்று ஏற்றிவிடுவார்கள். டார்கெட் எப்படிப் போடுவது, ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம், எந்த மிஷினுக்கு அடுத்து எந்த மிஷின் என்பதையெல்லாம் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்தும் விடுவார்கள். முப்பது பேரிடம் வேலை வாங்குவது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. "போகப் போகப் பழகிடும்" என்பார்கள். பழகத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் பழகுவது கத்துவதுதான்.

அப்படிப் புதிதாக லைனை எடுத்தவருக்காக இதை எழுதுகிறேன். ஐ.டி. கம்பெனியில் டீம் லீட் ஆனவரும், துணிக்கடையில் ஃப்ளோர் இன்சார்ஜ் ஆனவரும் படிக்கலாம். உதாரணங்களை மட்டும் தங்கள் இடத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உணர்வுசார் நுண்ணறிவு என்ற பெயரில் இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-ல் இதை முறையாக வரையறுத்தார்கள். தன் மனசில் ஓடுவதையும் அடுத்தவர் மனசில் ஓடுவதையும் கவனிப்பது, எது என்ன உணர்வு என்று பிரித்துத் தெரிந்துகொள்வது, அதை வைத்து யோசித்து நடந்துகொள்வது. அவ்வளவுதான் விஷயம். ஐந்து ஆண்டு கழித்து டேனியல் கோல்மன் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அதற்கப்புறம் பயிற்சி வகுப்பு, மார்க் போடும் தேர்வு, தலைவர்களின் வெற்றியில் இத்தனை சதவீதம் இதனால்தான் என்கிற பேச்சு எல்லாம் வரிசையாக வந்தன. அந்தச் சதவீதங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆராய்ச்சியாளர்களே அதில் ஒத்துப்போகவில்லை. தன்னைப் பற்றித் தானே டிக் அடிக்கும் தேர்வில் எந்தக் கோபக்காரரும் தன்னைப் பொறுமைசாலி என்றுதான் போட்டுக்கொள்வார்.

லைனில் நிற்பவருக்கு ஒரே ஓர் அளவுகோல் போதும் என்பது என் கருத்து. கெட்ட செய்தி உங்களிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறது? தைக்கும்போதே வருகிறதா, செக்கிங் டேபிளில் தெரிகிறதா, சரக்கு வாங்கும் பையரின் ஆள் பெட்டியைப் பிரிக்கும்போது தெரிகிறதா?

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமை உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: அங்கே இருந்தவர்கள் நடந்ததைப் பயப்படாமல் வெளியே சொன்னார்கள். மற்ற வார்டுகளில் வாயை மூடிக்கொண்டார்கள். தையல் லைனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் வேலை: உங்களுக்கு எப்போது சூடேறுகிறது என்று கண்டுபிடியுங்கள்

மற்றவர்களைப் படிப்பதற்கு முன்னால் இது. ஒரு வாரம் போதும். புரொடக்‌ஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், சத்தம் போட்ட ஒவ்வொரு முறையும், போட வந்து அடக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். மணி என்ன, என்ன நடந்தது, உள்ளே இருந்தது என்ன.

மூன்றாவதுதான் கஷ்டம். எல்லோரும் முதலில் 'கோபம்' என்று எழுதுவார்கள். அடுத்த வரியிலும் 'கோபம்'. கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் அதில் பாதி கோபமே இல்லை. பி.எம். (புரொடக்‌ஷன் மேனேஜர்) மணிக்கணக்கு போர்டைப் பார்க்க வரும் நேரத்தில் நம்பர் குறைந்திருந்தால் வருவது பயம். போன மாதம் வரை பக்கத்து மிஷினில் இருந்தவர், நீங்கள் சொன்னதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தால் வருவது அவமானம். மதியம் சாப்பிடாமல் ஓடியதால் வருவது வெறும் பசி. வாயைத் திறந்தால் மூன்றும் ஒரே மாதிரிக் கத்தலாகத்தான் வெளியே வரும். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. பயம் என்றால் பி.எம்.மிடம் முன்கூட்டியே போய்ச் சொல்ல வேண்டும். அவமானம் என்றால் அந்த ஆளிடம் தனியாகப் பேச வேண்டும். பசிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அமெரிக்காவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், படத்தில் இருக்கும் முகத்தின் உணர்ச்சிக்கு ஒரு சொல்லைப் பொருத்தச் சொன்னபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள பகுதியின் வேகம் குறைந்தது. ஆய்வு கிடக்கட்டும், ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். உங்கள் சூடு நாள் முழுக்கப் பரவிக் கிடக்காது. பதினோரு மணி, மாலை டீக்கு முன்னால், ஷிப்மெண்ட்டுக்கு முந்தின நாள் என்று குறிப்பிட்ட இடங்களில்தான் குவிந்திருக்கும். இடம் தெரிந்துவிட்டால் அந்த நேரத்தில் புதுப் பேச்சு எதையும் ஆரம்பிக்காமல் இருக்கலாம். உடம்பும் சொல்லும்: சிலருக்குக் காது சூடாகும், சிலர் நோட்டை உருட்ட ஆரம்பிப்பார்கள். உங்களுடையது எது என்று உங்களுக்கு முன்னால் உங்கள் லைனுக்குத் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வேலை: கெட்ட செய்தி வந்ததும் சொல்லும் முதல் வாக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

ஊசி உடைவதை எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் டீ-ஷர்ட் ஓடுகிறது. கழுத்தில் ரிப் (இழுபடும் பட்டைத் துணி) வைக்கும் இடத்தில், தோள் தையலும் ரிப்பும் சேர்ந்து தடித்திருக்கும் இடத்தில், ஊசி 'டக்'கென்று உடைகிறது. ஏற்றுமதி கம்பெனிகளில் இதற்குக் கறாரான விதி உண்டு. மிஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி, சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். அதை ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, நேரம், மிஷின் நம்பர் எழுதினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த பண்டில், அதாவது பீஸ் கட்டு, முழுக்கத் தனியாகப் போய்விடும். துண்டு துணிக்குள் போய், எங்கோ ஒரு ஊரில் ஒரு குழந்தையின் கழுத்தில் குத்தினால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

மிஷினில் இருக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும். துண்டு ஒன்று கிடைக்கவில்லை என்பதும் தெரியும். அவளுக்கு இரண்டு வழி. எழுந்து வந்து சொல்லலாம். அல்லது டேபிளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் பழைய ஊசியை மாட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஓட்டலாம். எது நடக்கும் என்பதை விதி முடிவு செய்வதில்லை. போன முறை வந்து சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் முடிவு செய்கிறது.

அவள் வந்து சொல்கிறாள்: "அண்ணா, ஊசி ஒடஞ்சிருச்சுங்க. ஒரு துண்டு காணலைங்க."

வழக்கமாக வரும் பதில் நமக்குத் தெரியும். "எத்தனை தடவை சொல்றது? கண்ணு எங்க இருந்துச்சு?" இதைக் கேட்டு அந்தப் பெண் திருந்திவிடுவாள் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து ஐந்து மிஷினும் அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்துக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஒருத்திக்குச் சொன்ன பதிலை லைன் முழுக்கப் பாடமாக எடுத்துக்கொள்ளும்.

இதற்குப் பதில், வரிசை மாறாமல் இப்படிப் போகலாம்:

"சரிம்மா, வந்து சொன்னது நல்லது. மிஷினை ஆஃப் பண்ணு. கையில குத்தலையே?"

அடுத்து: "எந்த பண்டில், எத்தனாவது பீஸ்ல ஒடஞ்சுது?"

அப்புறம் தேடுவது. காந்தத்தை எடுத்துக்கொண்டு டேபிள், தரை, மிஷின் தட்டு, கையில் இருந்த பீஸ், அதற்கு முந்தின பீஸ். கிடைக்கவில்லை என்றால் பண்டிலைத் தனியாகக் கட்டிச் சீட்டுப் போடுவது. நீங்களும் குனிந்து தேடுங்கள். மேலே நின்று விரல் காட்டாதீர்கள்.

'ஏன்', 'யாரால்' என்பதெல்லாம் மதியத்துக்கு. அதுவும் அப்போது கேட்க வேண்டியது இப்படி: ஊசி நம்பர் இந்தத் துணிக்குச் சரியா? தடித்த இடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தோமா? மெக்கானிக் இந்த மிஷினைக் கடைசியாக எப்போது பார்த்தார்? பல நேரம் பதில் இந்த மூன்றுக்குள்ளேயே கிடைத்துவிடும். தப்பு யாருடையது என்ற கேள்வி எங்கும் ஓடிப்போகாது, காணாமல் போன துண்டுதான் அடுத்த டேபிளுக்குப் போய்விடும்.

இது நடிப்பு மாதிரித் தோன்றும். முதல் சில முறை நடிப்புதான். உள்ளே கொதித்துக்கொண்டே "சொன்னது நல்லது" என்று சொல்வீர்கள், முகம் வேறு ஒன்றைச் சொல்லும். பரவாயில்லை. அந்த வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சூடான நேரத்தில் புதிதாக நல்ல வாக்கியம் வராது. கையில் இருப்பதுதான் வரும்.

மூன்றாவது வேலை: அரைச் சொல்லைக் கேட்கப் பழகுங்கள்

மேலே இருப்பவரிடம் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. "மிஷின் கொஞ்சம் ஒரு மாதிரி ஓடுதுங்க" என்றால் காலையிலிருந்தே தையல் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "பாத்துக்கலாங்க" என்றால் முடியாது. "சரிங்க" என்பது பல நேரம், நீங்கள் பேசுவதை நிறுத்தினால் போதும் என்பதற்கான சரிங்க. கொங்குப் பக்கத்து மரியாதையில் இந்த 'ங்க' எல்லாவற்றையும் மூடிவிடும்.

இந்த அரைச் சொல் உயிரையும் எடுத்திருக்கிறது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்துக்கு அருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் கம்பெனியின் விமானம் ஒன்று சக்கரத்தில் கோளாறு என்று சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தது. கேப்டனின் கவனம் முழுக்கச் சக்கரத்தில். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடன் இருந்தவர்களுக்கு அது தெரிந்தது, சொல்லவும் செய்தார்கள், ஆனால் கேப்டனை உலுக்கும் அளவுக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான், கீழே இருப்பவர் எப்படி அழுத்திச் சொல்வது, மேலே இருப்பவர் எப்படிக் காது கொடுப்பது என்பதை விமானிகளுக்குப் பயிற்சியாகவே வைத்தார்கள். யுனைடெட் 1981-ல் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க அது கட்டாயப் பாடம்.

லைனில் இதற்கான பயிற்சி காலையில் ஆரம்பிக்கிறது. மிஷின் ஓட ஆரம்பித்த பத்து நிமிடத்தில் ஒரு சுற்று போங்கள். அந்தச் சுற்றில் டார்கெட் பேசாதீர்கள். பாருங்கள். யார் வழக்கமாகப் பேசுகிறவர், இன்று பேசவில்லை? யாருடைய டேபிளில் பீஸ் சேர்ந்துகொண்டே போகிறது? யார் போனை ரெண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார்? போனைப் பார்ப்பது சோம்பல் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம்.

பார்த்ததை வைத்து நீங்களே கதை கட்டிவிடவும் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். "ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்றுதான் பதில் வரும். வேலை போக வேண்டும் என்று யார் நினைப்பார்கள்? குறிப்பாகக் கேளுங்கள். "இந்த ரிப் இழுக்குதா, சரியா உக்காருதா?" "இந்த ஸ்டைல்ல எந்த இடம் கைக்குப் பிடிபடலை?" துணியைப் பற்றிக் கேட்டால் ஆள் பேசுவார். துணியில் தொடங்கிய பேச்சு, அவருக்கே தோன்றினால், வீட்டுக்கும் போகும். போகவில்லை என்றால் நீங்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் லைனில் இருந்தால் இன்னும் ஒரு படி வேண்டும். மொழி தெரியாத ஆளிடம் நாம் மெதுவாகப் பேசுவதற்குப் பதில் சத்தமாகப் பேசுகிறோம். அவருக்குக் கேட்பது வார்த்தை இல்லை, சத்தம் மட்டும்தான். திட்டுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர்களில் தமிழ் கொஞ்சம் பிடித்துக்கொண்ட ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கி அவர் புரொடக்‌ஷனைக் கெடுக்காமல், காலையில் ஐந்து நிமிடம் மட்டும் உதவி கேளுங்கள். மற்ற நேரத்துக்கு நல்ல பீஸ் ஒன்று, கெட்ட பீஸ் ஒன்று கையில் வைத்துக்கொண்டு காட்டினால் போதும். அவர்கள் ஊர்ப் பண்டிகை எது, எப்போது டிக்கெட் போடுவார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது கரிசனத்துக்காக மட்டும் இல்லை. அந்த வாரம் உங்கள் லைனில் எத்தனை மிஷின் காலியாக இருக்கும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

நான்காவது வேலை: தப்பைச் சொல்வது

உணர்வு, புரிதல் என்றெல்லாம் பேசினால், தப்பு செய்தவரைக் கண்டிக்கவே கூடாது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு சூப்பர்வைசரிடம் வேலை பார்ப்பதும் கொடுமைதான். ஒருவர் சொதப்பியதை இன்னொருவர் ஆல்டர் பார்த்துக்கொண்டு, அதாவது பிரித்துச் சரி செய்துகொண்டு, உட்கார்ந்திருப்பார். அவருடைய கோபத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தப்பைச் சொல்லுங்கள். லைனுக்கு நடுவில் வேண்டாம், செக்கிங் டேபிள் பக்கமாக அழைத்துப் போய்ச் சொல்லுங்கள். பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பீஸைப் பற்றிப் பேசுங்கள். உங்களைவிடப் பதினைந்து வயது மூத்த, உங்களுக்கே தையல் சொல்லிக்கொடுத்த அக்காவிடம் பேசுவதுதான் புதியவருக்கு வரும் முதல் பெரிய சோதனை. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

"அக்கா, ஒரு நிமிஷம் இங்க வாங்க. காலையிலிருந்து வந்த பாட்டம் மடிப்புல இந்த ஆறு பீஸ் ஏறி இறங்கி இருக்குது பாருங்க."

"துணி அப்படித்தான் சாமி வருது. கட்டிங்கைப் போய்க் கேளு."

இந்த இடத்தில் "எனக்கே சொல்லித் தர்றீங்களா" என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வரும். விழுங்கிவிடுங்கள். கட்டிங்கில் கோளாறு இருக்கவும் வாய்ப்பு உண்டு.

"சரிங்க்கா, கட்டிங்கையும் பாத்துடறேன். நேத்து நீங்க அடிச்சது இப்படி இல்லையே? இன்னைக்கு என்ன வித்தியாசம்?"

"கைமடிக்குப் புதுப் பொண்ணை விட்டிருக்கீங்க. அவ மடிச்சுக் குடுக்கறதே கோணலா இருக்குது. நான் சரி பண்ணி அடிக்கறதுக்குள்ள நம்பர் போயிருது."

கோளாறு கட்டிங்கிலும் இல்லை, அக்காவின் கையிலும் இல்லை. ஹெல்பரை மாற்றிப் போட்டது நீங்கள். இந்தத் தகவல் திட்டியிருந்தால் வந்திருக்காது. கட்டிங் மேல் பழி போட்டதோடு பேச்சு முடிந்திருக்கும். எல்லாப் பேச்சும் இவ்வளவு அழகாக முடியாது என்பதும் உண்மை. சில பேச்சு "நாளைக்கு லீவு" என்பதில் முடியும். ஒரே தப்பு, சொல்லிக் கொடுத்தும், மிஷினைச் சரிபார்த்தும் திரும்பத் திரும்ப வந்தால், எழுதி வைத்து, அவரிடமும் சொல்லி, மேலே கொண்டுபோவதுதான் முறை. முகத்துக்கு நேராகச் சொல்லாமல் மேலே மட்டும் சொல்வதை லைன் மறக்காது.

நேற்று வரை கூட டீ குடித்தவர்கள் விஷயம் தனி. பதவி வந்ததும் திடீரென்று அவர்களிடமிருந்து விலகிப்போவதும் வேண்டாம், அவர்களுக்கு மட்டும் லேசான ஆப்பரேஷன் கொடுப்பதும் வேண்டாம். டீயை அவர்களோடே குடியுங்கள். பெர்மிஷன், லீவு, ஓவர்டைம் மூன்றிலும் மட்டும் எல்லோருக்கும் ஒரே கணக்கு. லைன் எதைப் பொறுத்துக்கொண்டாலும் இதைப் பொறுத்துக்கொள்ளாது.

ஐந்தாவது வேலை: மேலிருந்து வருவதை அப்படியே கீழே இறக்காதீர்கள்

பி.எம். உங்களைக் கத்துகிறார். நீங்கள் லைனைக் கத்துகிறீர்கள். டெய்லர் ஹெல்பரைக் கத்துகிறார். ஹெல்பருக்குக் கத்த ஆளில்லாமல் பண்டிலைத் தூக்கி எறிகிறார். சிகல் பார்சேட் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், குழுவில் ஒருவரை மட்டும் ஏற்கெனவே சொல்லி வைத்த மனநிலையோடு நடிக்கவிட்டு, அது மற்றவர்களுக்குத் தொற்றுவதைக் காட்டினார். பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் நின்றவருக்கு ஆய்வு தேவைப்படாது.

கீழே போக வேண்டியது தகவல்: "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இத்தனை பீஸ் பேக்கிங் போகணும், நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்." கத்தலை நடுவில் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்காகத் தேன் தடவிச் சொல்லவும் வேண்டாம். அவசரம் உண்மையாக இருந்தால் அவசரம் என்றே சொல்லுங்கள். தினமும் அவசரம் என்றால்தான் யாரும் நம்ப மாட்டார்கள். மேலே பேசும்போது உணர்ச்சியைவிட நம்பர் உதவும். "முடியாதுங்க சார்" என்பதற்குப் பதில் "ரெண்டு ஓவர்லாக் காலி சார், இப்படியே ஓடினா ஆறு மணிக்கு இவ்வளவுதான் வரும். பக்கத்து லைன்ல இருந்து ஒரு ஆள் குடுத்தா இவ்வளவு வரும்" என்று காலை பத்து மணிக்கே சொல்லிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குச் சொன்னால் அது சாக்கு.

எதற்கெல்லாம் இது மருந்து இல்லை

பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் ஒரு ஆய்வு நடந்தது. பெண் தொழிலாளர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பேசுவது, நேரத்தைத் திட்டமிடுவது, பிரச்சனையைத் தீர்ப்பது போன்றவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி கூடியது. கம்பெனி போட்ட காசு இரண்டு மடங்குக்கும் மேல் லாபமாகத் திரும்பியது. அந்தப் பெண்களின் கூலி ஏறியதோ மிகச் சொற்பம். 'மென்திறன்' பயிற்சி என்றாலே எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே இதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்டைம் காசு சரியாகப் போடாத இடத்தில் சூப்பர்வைசர் சிரித்துப் பேசுவது ஏமாற்று வேலை. பாத்ரூம் போக டோக்கன் கேட்கும் கம்பெனியில் அனுசரணையான குரல் எதையும் சரி செய்யாது. உங்கள் கையில் இல்லாததை உங்கள் கையில் இருப்பது போலப் பேசாதீர்கள். "மேல கேட்டுட்டேன், இன்னும் பதில் வரலைங்க்கா" என்பது நேர்மையான பதில். "பாத்துக்கலாம்" என்பது இல்லை.

பாலியல் தொல்லை பற்றிய பேச்சு வந்தால் நீங்களே நடுவராக உட்கார்ந்து சமாதானம் செய்து வைக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். குழுவில் யார் யார் என்பது நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வந்து சொல்லும் பெண்ணிடம் உங்கள் வேலை, நம்பிக் கேட்பது, குழுவுக்குப் போகும் வழியைச் சொல்வது, அவர் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாமல் இருப்பது.

வீட்டுக் கஷ்டத்துக்கும் நீங்கள் மருத்துவர் இல்லை. காது கொடுக்கலாம், பெர்மிஷன் கொடுக்கலாம், எச்.ஆரிடம் அழைத்துப் போகலாம். முப்பது பேர் பாரத்தையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் அது வந்து சேரும். நாள் முழுக்க முகத்தைச் சரியாக வைத்திருப்பதே ஒரு உழைப்பு என்று ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-லேயே எழுதிவிட்டார். அதற்கு ஓவர்டைம் யாரும் தருவதில்லை. ஷிப்ட் முடிந்து ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

மூன்று மாதம் கழித்து எதைப் பார்ப்பது

ஊசி ரெஜிஸ்டரைப் பாருங்கள். உங்கள் லைன் பக்கம் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். முப்பது மிஷின் ஓடும் இடத்தில் ஊசி உடையாமல் இருக்காது. செக்கிங்கில் வரும் ஆல்டரில் எத்தனையை டெய்லரே முன்னால் சொல்லி எடுத்து வைத்திருக்கிறார், எத்தனையைச் செக்கர் கண்டுபிடித்தார் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முதல் எண் ஏறிக்கொண்டே வந்தால் உங்கள் காது வேலை செய்கிறது. நாளைக்கு வர முடியாது என்பவர் முந்தின நாளே சொல்கிறாரா, காலையில் மிஷின் காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் தெரிகிறதா என்பதும் நல்ல அடையாளம். நீங்கள் வரும்போது பேச்சு நின்றுவிடுகிறதா என்பதையும் கவனியுங்கள். நிற்கத்தான் செய்யும், அதில் ஒன்றும் தவறில்லை. நீங்கள் போனதும் சிரிப்பு வருகிறதா, முணுமுணுப்பு வருகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வர ஆரம்பித்தால் முதல் மாதம் உங்கள் லைன் நம்பர் மற்ற லைன்களைவிட மோசமாகத் தெரியும். உடைந்த ஊசி அதிகம், ஆல்டர் அதிகம், நிறுத்தி வைத்த பண்டில் அதிகம். பி.எம். மாதாந்திரக் கூட்டத்தில் அதைக் கேட்பார். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். ஆரம்பிக்கும் வாரத்திலேயே போய், "சார், அடுத்த நாலு வாரம் என் லைன்ல ரிப்போர்ட் ஆகற எண்ணிக்கை ஏறும். முன்னாடி கடைசியில தெரிஞ்சது இப்போ மிஷின்லயே தெரியப்போகுது. இன்ஸ்பெக்‌ஷன்ல திரும்பி வர்றது குறையுதான்னு மட்டும் பாருங்க" என்று சொல்லி, தேதி போட்டு ஒரு மெயிலும் அனுப்பி வைத்துவிடுங்கள்.